தண்டர்பேர்டு மின்னஞ்சல்களைக் காப்பு எடுப்பதும் மீட்பதும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சிறுதொழில் செய்யும் நம்மவர்கள் பலருக்கு இன்வாய்ஸ், ரசீது எல்லாம் மின்னஞ்சலில்தான் கிடக்கின்றன. வரி ரிட்டர்ன் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது அந்நாட்டு வரித்துறையான சார்ஸ். கணினியின் டிஸ்க் அதுவரை உழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விண்டோஸில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கான வழி இது.

முதலில் உங்கள் கணக்கு பாப் வகையா, ஐமேப் வகையா என்று அக்கவுன்ட் செட்டிங்ஸில் பாருங்கள். பாப் என்றால் அஞ்சல்கள் உங்கள் கணினியில் இருக்கும். சர்வரில் மிச்சம் இல்லாமலும் போயிருக்கலாம். ஐமேப் என்றால் கணினியில் இருப்பது சர்வரின் நிழல் மட்டுமே. கைப்பேசியில் ஓர் அஞ்சலை அழித்தால் கணினியிலும் அது போய்விடும். அதனால் முக்கியமான ஐமேப் அஞ்சல்களைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கி, 'காப்பி டு' வழியாக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழ் ஒரு புதிய ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான்.

காப்பு எடுக்க

1. மேலே வலது மூலையில் உள்ள மூன்று கோட்டு மெனுவில் ஹெல்ப், ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன். அங்கே புரொஃபைல் ஃபோல்டருக்கு (உங்கள் அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்) எதிரே உள்ள 'ஓபன் ஃபோல்டர்' பொத்தானை அழுத்துங்கள்.

2. திறந்த சாளரத்தை அப்படியே விட்டுவிட்டு, தண்டர்பேர்டை முழுவதும் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நகல் எடுத்தால் கோப்புகள் பாதியில் பிடிபட்டுக் கெட்டுப்போகலாம்.

3. முகவரிப் பட்டையில் 'ரோமிங்' என்பதைச் சொடுக்குங்கள். அங்குள்ள 'தண்டர்பேர்டு' ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அஞ்சல், முகவரிப் புத்தகம், ஃபில்டர், கடவுச்சொல் எல்லாம் அதற்குள் அடக்கம். கடவுச்சொல்லும் இருப்பதால், பிரைமரி பாஸ்வேர்ட் (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் ஒரு முதன்மைக் கடவுச்சொல்) வைக்காமல் அந்த டிஸ்க்கை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்பாக்ஸ் முழுவதும் வழக்கமாக ஒரே கோப்பாகத்தான் சேமிக்கப்படுகிறது. அது 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும். டூல்ஸ் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' வசதியும் இருக்கிறது. ஆனால் 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொஃபைலை அது ஜிப் ஆக்காது, ஆகவே நான் சொல்வது கைமுறை நகல்தான். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) அறிவிப்பு இருந்தால், அந்த நேரம் கழிந்தபின் தொடங்குங்கள்.

இரண்டாவது நகல் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தபோது டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கணினியும் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மீட்க

புதிய கணினியில் தண்டர்பேர்டை நிறுவுங்கள். பதிப்பு பழையதற்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். பழைய பதிப்பு, புதியதன் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். ஒரு தடவை திறந்து, மேலே சொன்ன வழியில் ரோமிங்குக்குப் போய், மென்பொருளை மூடுங்கள். அங்குள்ள 'தண்டர்பேர்டு' ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, உங்கள் நகலை அதே இடத்தில் ஒட்டுங்கள்.

சர்வரில் அஞ்சல்கள் அழிந்துபோன ஐமேப் கணக்கு என்றால், திறக்கும் முன் வைஃபையை அணையுங்கள். இணைப்புக் கிடைத்ததும் அது சர்வரைப் பார்த்து இங்கேயும் அழித்துவிடும். முதலில் அஞ்சல்களை லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்தால் வெறுமையாக இருக்கிறதா? ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்தில் 'அபவுட் புரொஃபைல்ஸ்' இணைப்பைத் திறந்து, பழைய புரொஃபைலை டிஃபால்ட் ஆக்குங்கள். அஞ்சல் பட்டியல் மட்டும் குழம்பியிருந்தால், அந்த ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தினால் போதும். ஐமேப் ஃபோல்டரில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: அது கணினியில் இருப்பதை விட்டுவிட்டு, சர்வரிலிருந்து மறுபடி இறக்கும்.