அரிக்கேன் விளக்கைத் துரு தின்னாமல் வைத்திருக்க

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய முதல் அரிக்கேன் விளக்கு இரண்டே மழைக்காலத்தில் அடி ஓட்டையாகிவிட்டது. பிறகு வாங்கிய மூன்றும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. வித்தியாசம் காயவைத்ததில்தான்.

சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். பித்தளை என்று கொடுப்பதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். கண்ணாடி உடைந்திருந்தால் பரவாயில்லை, வேறு போடலாம். எண்ணெய்த் தொட்டியின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகடு அமுங்கினால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி, திரி, பர்னர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பர்னர் இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள். மரையில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலும் கையாலேயே திரும்பிவிடும். துருவுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்பு நார் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது, பழைய பெயின்ட்டும் கம்பெனி முத்திரையும் அதோடு போய்விடும். பிசுக்குப் போக சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

இனிதான் கவனம். இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் குழாய்கள் வெறும் பிடிமானம் அல்ல, சுடருக்குக் காற்று போகும் வழி. கழுவும் தண்ணீர் அவற்றின் அடியில் தங்கிவிடும். முதல் விளக்கை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, வெளியே காய்ந்ததைப் பார்த்து எடுத்து வைத்தேன். உள்ளேயிருந்தே அரித்துவிட்டது. இப்போது தலைகீழாகக் கவிழ்த்து, அவ்வப்போது குலுக்கி, மொட்டைமாடி வெயிலில் முழுதாக இரண்டு நாள் வைக்கிறேன். அப்புறம் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாக ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

பித்தளை விளக்கென்றால் புளி. பத்து நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து சிவப்புத் திட்டுகள் வரும்.

கடலைப் பார்த்த ஜன்னலில் மாட்டாதீர்கள், உப்புக்காற்று நேராக அடிக்கும். கூடத்தின் உள்சுவர்தான் நல்லது. வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் மஞ்சள் எல்.ஈ.டி. ஒன்றைக் கண்ணாடிக்குள் வையுங்கள். ஒயர் விட விளக்கில் ஓட்டை போடுவதை என்னால் பார்க்கவே முடியாது.

பிற்சேர்க்கை: பெட்ரோமாக்ஸ் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அதன் பழைய மேன்டிலில், அதாவது சூட்டில் ஒளிரும் வலைப்பையில், தோரியம் இருக்கும், அது கதிரியக்கப் பொருள். உதிர்ந்த தூளை ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.