பைக் டயர்ல காத்து குறையுறத காட்டுற சென்சார், நாமளே மாட்டுறது எப்படி?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பைக் ஓட்டுனவங்களுக்கு தெரியும், காத்து சீசன்ல வண்டி தன்னால ஒரு பக்கமா ஒதுங்கும், ஹேண்டில் வேற பிடிச்சு இழுக்கும். ஆனா முன் டயர்ல காத்து இறங்குனாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். எல்லாம் முப்பந்தல் காத்து பண்ணுற வேலைன்னு நெனச்சுட்டு, அரைவாசி காத்து போன டயரோட காவல்கிணறு வரைக்கும் லாரிக்கு பக்கத்துலயே ஓட்டிட்டு போறவங்க உண்டு. டயர் பிரஷர கண்காணிச்சு சொல்லுற, டிபிஎம்எஸ்னு விக்கிற சின்ன கருவி இந்த மாதிரி இடத்துலதான் உதவும்.

வேலை செய்யுறது ரொம்ப சிம்பிள். வால்வு மூடிக்கு பதிலா ஒரு சென்சார், அதுக்குள்ள பிரஷர், சூடு ரெண்டையும் அளக்குற சிப், ஒரு பட்டன் பேட்டரி, ஒரு குட்டி ரேடியோ. ஹேண்டில்ல இருக்குற டிஸ்பிளேக்கோ புளூடூத் வழியா போனுக்கோ நம்பர் வரும். ரிம்முக்கு உள்ள மாட்டுற வகையும் இருக்கு, திருட்டு பயம் இல்ல, மழை வெயில் படாது, ஆனா டயர கழட்டணும். புதுசா ஆரம்பிக்கிறவங்க வெளிய மாட்டுறதே வாங்குங்க மக்கா.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ஸ்போக் வீல்ல டியூப் டயர்னா இதுல ரொம்ப எதிர்பார்க்காதீங்க. டியூப்ல ஆணி ஏறுனா பெரும்பாலும் காத்து சட்டுனு போயிடும், சென்சார் கத்துறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிடும். டியூப்லெஸ்ல ஆணி உள்ளயே இருந்துகிட்டு ரெண்டு நாளா மெல்ல மெல்ல காத்து விடும் பாருங்க, அதை பிடிக்கத்தான் இது.

முதல் வேலை, உங்க வண்டிக்கு எவ்வளவு காத்துன்னு பாக்குறது. ஸ்விங் ஆர்ம்லயோ செயின் கவர்லயோ ஸ்டிக்கர் இருக்கும், இல்லன்னா வண்டி கூட வந்த புக்குல இருக்கும். தனியா போறதுக்கு ஒண்ணு, பின்னாடி ஆள் வச்சு போறதுக்கு ஒண்ணு போட்டிருப்பாங்க. டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்குறது அந்த டயர் தாங்குற உச்ச அளவு, அதை பாத்து அடிக்காதீங்க. புக்குல கேபிஏ (கிலோபாஸ்கல்) கணக்குல 200ன்னு இருந்தா அது பங்க்ல சொல்லுற பிஎஸ்ஐ கணக்குல 29.

அடுத்து காத்து அடிக்கணும், டயர் ஆறி இருக்கும்போது. நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் வெயில்ல ஓட்டிட்டு போய் அங்கன பங்க்ல செக் பண்ணா நம்பர் கூடித்தான் காட்டும், ஏன்னா உள்ள இருக்குற காத்து 10 டிகிரி சூடானா ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். கூடுதலா இருக்குன்னு அப்ப காத்த இறக்கி விட்டீங்கன்னா மறுநாள் காலையில டயர் சப்பையா கெடக்கும். வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு அளங்க. கையில ஒரு நல்ல கேஜ் வச்சுக்கிடுங்க, சென்சார் காட்டுறது சரியான்னு ஒத்துப் பாக்கவும் அதுதான் வேணும்.

மூணாவது வால்வு. இதை யாரும் பாக்குறதே இல்ல, எனக்கு இதுதான் முக்கியம். ரப்பர் வால்வ விரலால லேசா வளைச்சு அடியில பாருங்க, முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா சென்சார் மாட்டாதீங்க, வால்வ மாத்துங்க. சாதா மூடிய விட சென்சார் கனம், வேகமா போகும்போது சக்கரம் சுத்துற சுத்துல அது வால்வ வெளிப்பக்கமா இழுத்துகிட்டே இருக்கும், வெடிச்ச ரப்பர் அதுல பிஞ்சா காத்து மொத்தமா போச்சு. முடிஞ்சா மெட்டல் வால்வு போட்டுடுங்க.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கடல் ஓரத்துல இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு. உப்புக்காத்துல, சென்சார இறுக்க கிட்ல வர்ற அலுமினிய நட்டும் பித்தளை வால்வும் ஒண்ணோட ஒண்ணு அரிச்சு பிடிச்சுக்கும், வெள்ளையா பூத்துப்போய் சென்சார கழட்ட முடியாது, பிளையர் போட்டு முறுக்குனா வால்வே கூட வந்துடும். அதனால பித்தளை நட்டு இருந்தா அதை போடுங்க, மரையில துளி சிலிகான் கிரீஸ் தடவுங்க, மாசம் ஒருக்கா கழட்டி மாட்டுங்க.

இனி மாட்டுறது. மாட்டுறதுக்கு முன்னாடியே ஆப்ல ரெண்டு சென்சாரையும் சேத்துடுங்க, முன்னுக்கு உள்ளது எது பின்னுக்கு உள்ளது எதுன்னு மேலயே போட்டிருப்பாங்க. சின்ன நட்ட முதல்ல வால்வுல கீழ வரைக்கும் ஏத்துங்க, அப்புறம் சென்சார கையால திருகுங்க, லேசா புஸ்ஸுன்னு சத்தம் வந்து நிக்கும், கைக்கு இறுகுனா போதும். பிறகு கிட்ல வந்த ஸ்பேனரால நட்ட மேல கொண்டு வந்து சென்சாரோட இறுக்குங்க, சும்மா போறவன் கையால கழட்டிட்டு போகாம இருக்க அது.

உடனே சோப்புத் தண்ணி தடவுங்க. வால்வு நடுவுல இருக்குற குட்டி பின்ன சென்சார் எப்பவும் அமுக்கிட்டே இருக்குறதால அதோட வாஷர் மட்டும்தான் காத்த பிடிச்சு வச்சிருக்கு, சின்ன குமிழி வந்தாலும் கழட்டி திரும்ப மாட்டுங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்த கையால ஒரு சுத்து சுத்தி பிரேக் காலிப்பர்ல இடிக்குதான்னும் பாத்துக்கிடுங்க. இடிச்சா அந்த வண்டிக்கு அந்த சென்சார் வேண்டாம்.

அலாரம் செட்டிங்க அப்படியே விடாதீங்க, சில கிட்ல கார் டயருக்கு வச்சது இருக்கும், முன்னாடி 25 பிஎஸ்ஐ ஓடுற பைக்குல அது முதல் நாள்ல இருந்தே கத்தும், நீங்களும் கடுப்புல ஆஃப் பண்ணிடுவீங்க. உங்க அளவுல இருந்து 15 சதவீதம் குறைச்சு வைங்க, அதாவது 25க்கு 21, 32க்கு 27. மேல் அளவு 25 சதவீதம் கூட்டி வச்சா போதும்.

ஓடும்போது வர்ற நம்பர விட காலையில வண்டி எடுக்கும்போது வர்ற நம்பர்தான் நம்பத்தக்கது. 3 பிஎஸ்ஐ லீக் ஆன டயர் கூட ரோட்டு சூட்டுல ஏறி சரியான அளவையே காட்டும், அலாரமும் வராது. ஒண்ணு, நின்ன வண்டில சென்சார் தூங்கிட்டு இருக்கும், பழைய நம்பரே நிக்கும், கொஞ்ச தூரம் உருட்டுன பிறகு பாருங்க.

கத்துச்சுன்னா? பதறி பிரேக்க பிடிக்காதீங்க, கியர சடார்னு குறைக்காதீங்க. ஆக்சிலேட்டர மெல்ல விடுங்க, ஹேண்டில நேரா உறுதியா பிடிங்க, நல்லா இருக்குற சக்கரத்தோட பிரேக்க மட்டும் மெல்ல அழுத்துங்க, அதாவது முன் டயர் போனா பின் பிரேக், பின் டயர் போனா முன் பிரேக். மார்த்தாண்டம் மேம்பாலம் மாதிரி ஒதுங்க இடமில்லாத இடத்துல கத்துனா, டயர் முழுசா சப்பையாகலன்னா இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமா மெதுவா இறங்கிடுங்க. ஆணி தெரிஞ்சா, கையில பஞ்சர் கிட் இல்லன்னா பிடுங்காதீங்க, அதுதான் இருக்குற காத்த அடைச்சு வச்சிருக்கு.

டயர் மொட்டையாச்சான்னு இந்த சென்சார் சொல்லாது. சட்டப்படி டூ வீலர் டயர்ல 0.8 மில்லிமீட்டர் பட்டன் (டயர் மேல இருக்குற வெட்டு) ஆழமாவது இருக்கணும், நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஓட்டுறவங்க அந்த அளவு வரைக்கும் தேய விடாம முன்னாடியே மாத்திடுங்க.

பஞ்சர் ஆகாம இருக்க டயருக்குள்ள ஜெல் ஊத்தி வச்சிருந்தீங்கன்னா, சென்சார கழட்டும்போது வால்வு மேல் பக்கமா வர்ற மாதிரி சக்கரத்த நிறுத்திக்கிடுங்க, இல்லன்னா ஜெல் வந்து சென்சார் ஓட்டைய அடைச்சு நம்பர் தப்பா காட்டும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்1632, நாகர்கோவில்ல வாட்ச் கடையில கிடைக்கும், மாத்தும்போது உள்ள இருக்குற ரப்பர் வளையத்த மறக்காம திருப்பி போடுங்க, தண்ணி இறங்காம பாத்துக்குறது அதுதான்.