முதல் உலகப் போரின் பதுங்குகுழி வரைபடங்களில் பிரெஞ்சுச் சுருக்கங்களைப் படிக்கும் முறை

நான் வட பிரான்சில், லான்ஸ் நகரில் இருக்கிறேன். பக்கத்து ஊர் லூஸ். 1915 செப்டம்பர் 25 அன்று பிரிட்டிஷ் படை பெருந்தாக்குதலைத் தொடங்கியது அங்கேதான். விடுமுறை நாட்களில் அந்தக் கால வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு அந்த வயல்களில் நடப்பேன். நடந்து நடந்து பழகிய முறை இது.

எடுத்ததும் அகராதியைத் திறக்காதீர்கள். முதலில் ஓரத்தில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். குழிகளின் அமைப்பு அந்தத் தேதி வரைக்கும்தான் சரி. அப்புறம் நிறம். பிரெஞ்சு வரைபடத்தில் ஜெர்மன் குழிகள் நீலம், பிரெஞ்சுக் குழிகள் சிவப்பு. பிரிட்டிஷ் வரைபடத்தில் 1918 தொடக்கம் வரை ஜெர்மன் குழிகள் சிவப்பு. அதன் பிறகு பிரெஞ்சு முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். இதைக் கவனிக்காவிட்டால் யார் எந்தப் பக்கம் என்பதே தலைகீழாகிவிடும்.

பிரிட்டிஷ்காரர்கள் பிரெஞ்சு வரைபடங்களிலிருந்து பெயர்களை எடுத்ததால், சுருக்கங்கள் இரண்டிலும் வரும். சுருக்கும் விதம் எளிது: சொல்லின் முதல் எழுத்து ஒன்றிரண்டு, கூடவே கடைசி எழுத்துகள் சிறிதாக மேலே தூக்கி. எஃப்-எம்-ஈ என்றால் ஃபெர்ம், பண்ணை வீடு. ஆர்-ஏ-யூ என்றால் ருய்ஸோ, ஓடை. எம்-ஓ-என் மெஸோன், வீடு. எம்-ஐ-என் முலான், காற்றாலையோ நீராலையோ. கடைசி இரண்டையும் மங்கலான அச்சில் பிரித்தறிவது சிரமம். பெரிதாக்கி, நடு எழுத்தைப் பாருங்கள். பி-டி என்பது ஊர்ப்பெயருக்கு முன்னால் வந்தால் பெத்தி, அதாவது சின்ன. ஓடைக்கு மேல் இருந்தால் போன், பாலம்.

எங்கள் பக்கத்தில் அதிகம் குழப்புவது புய்ய் என்ற சொல். மற்ற இடங்களில் அது தண்ணீர்க் கிணறு. இந்த நிலக்கரிப் பகுதியிலோ சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி. ஃபோஸ் என்றால் அந்தக் குழியோடு கட்டடம், இயந்திரம் எல்லாம் சேர்ந்த சுரங்க வளாகம். கிராஸியே என்பது அதன் கழிவு மண்மேடு. லூஸ் வரைபடத்தில் 'புய்ய் 14 பிஸ்' என்று இருக்கும். பிஸ் என்றால் அதே எண்ணில் இரண்டாவது, நம் ஊர்க் கதவிலக்கத்தில் 14ஏ போடுவது போல. ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான் 1915 செப்டம்பர் 27 அன்று காணாமல் போனது இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே கிணற்றைத் தேடிக்கொண்டு நின்றால் சண்டை ஏன் அந்த இடத்துக்காக நடந்தது என்பதே புரியாது. தட்டையான வெளியில் எட்டத்தில் பார்க்க உதவியவை சுரங்கக் கோபுரங்களும் மண்மேடுகளும்தான்.

கிழக்கு பிரான்சின் போர்க்களமான வெர்டனின் வரைபடம் என்றால் 'கோட் 304' கண்ணில் படும். எண், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பது. இந்த 'கோட்' என்ற சொல்லில் 'ஓ' மேல் தொப்பிக் குறி (^) கிடையாது. தொப்பி இருந்தால் அது மலைச்சரிவு; வெர்டனிலேயே உள்ள கோட் து புவாவ்ர் அப்படி. அச்சுப் புத்தகங்களிலேயே இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான்.

குழிகளுக்குள்: திராஞ்சே, சண்டையிடும் குழி. புவாயோ, பின்னாலிருந்து அங்கே ஆட்களும் உணவும் போய்வரும் வளைந்த குழி. அப்ரி, ஒதுங்கும் இடம். பி.சி. கட்டளை நிலையம். பி.எஸ். என்று கண்டால் சுற்றிப் பாருங்கள்: குழிகளுக்கு நடுவே என்றால் முதலுதவி நிலையம், ரயில் பாதை மேல் என்றால் மேம்பாலம். பி.என். ரயில்வே கேட்.

இன்னும் சந்தேகம் என்றால் பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத் தளத்தில் அதே இடத்தின் இன்றைய வரைபடத்தையும் 19ஆம் நூற்றாண்டு ராணுவ வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். போரில் தரைமட்டமான பண்ணைகளின் பெயர் பல இடங்களில் வயலின் பெயராக இன்னும் இருக்கிறது. அங்கே சில சமயம் முழுச்சொல்லாகவே எழுதியிருப்பார்கள்.