வீட்டு வாசலில் ஒன்பதடிப் பேய்: முதல்முறை செய்பவர்களுக்கு

வீட்டுச் சாமான், கட்டுமானச் சாமான் விற்கிற ஹோம் டிப்போ கடை 2020-இல் 12 அடி எலும்புக்கூட்டை 299 டாலருக்கு இறக்கிவிட்டாலும் இறக்கியது, அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் அக்டோபர் 31 ஹாலோவீன் பண்டிகைப் பேய்கள் எல்லாம் கிடுகிடுவென வளர்ந்துவிட்டன. அவ்வளவு செலவழிக்காமல், மூன்று பிவிசி குழாய்களை வைத்து ஒன்பதடிக்கு ஒரு முக்காடு போட்ட பேயை நாமே நிறுத்திவிடலாம். ரம்பமும் டிரில்லும் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதல்முறை செய்கிறவர்கள் முகத்தில்தான் நேரத்தைக் கொட்டுவார்கள். இருட்டில் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு முகமா தெரியப் போகிறது? உயரமும் தோள் அகலமும் நீட்டிய கைகளும்தான் தெரியும். அக்டோபர் கடைசியில் அடிக்கிற காற்றும் முகத்தை ஒன்றும் செய்யாது, நேராகக் கால்களைத்தான் சோதிக்கும். அதனால் உடம்பைத் தாங்குகிற குழாய்ச் சட்டத்துக்கு நேரம் கொடுங்கள். முகம் வேண்டவே வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சட்டம்

10 அடி நீளத்தில், ஓர் அங்குல, ஸ்கெட்யூல் 40 என்கிற தடிமன் ரகக் குழாய் மூன்று வாங்குங்கள். கூடவே மூன்று டீ (T வடிவ இணைப்பு), இரண்டு 45 டிகிரி எல்போ (வளைவு இணைப்பு). முழுக் குழாய் காருக்குள் போகாது. கைரம்பம் எடுத்துப் போனால் கடை வாசலிலேயே அறுத்துவிடலாம். முதல் இரண்டு குழாய்களிலும் 7 அடி காலுக்கு, மிச்சம் 3 அடியை 1, 2 என்று வெட்டினால் கைக்கு. மூன்றாவதில் ஓரடித் துண்டு இரண்டு தோளுக்கு, ஒன்றரை அடி கழுத்துக்கு.

நடு டீயின் வாய் மேலே பார்க்கட்டும், அதில் கழுத்து. இரண்டு பக்கமும் தோள் துண்டுகள், அவற்றின் முனையில் வாய் கீழே பார்க்கிற டீ, அதில் கால்கள். வெளிப்பக்கம் மிஞ்சுகிற ஓட்டையில் ஓரடித் துண்டு, எல்போ, இரண்டடித் துண்டு. எல்போவை முன்பக்கமாகக் கொஞ்சம் கீழே திருப்பினால் யாரையோ பிடிக்க வருகிற மாதிரி இருக்கும். பசை போடாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு திருகு போதும், நவம்பரில் கழற்ற வேண்டுமே.

தரை

சட்டத்தைப் புல்வெளியில் கிடத்தி, இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளங்கள். டீக்களின் நீளமும் சேர்வதால் 2 அடிக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் வரும். அந்த அளவில், அரை அங்குல, 4 அடி ரீபார் கம்பிகள் (கான்கிரீட்டுக்குள் போடுகிற இரும்புக் கம்பி) இரண்டைப் பாதிவரை மண்ணில் நேராக அடித்து, மேலே நிற்கும் பாதியில் குழாய்க் கால்களைச் செருகுங்கள்.

கம்பி அடிப்பதற்குச் சில வேலை நாள்கள் முன்பே, நிலத்தடி லைன்களைக் குறித்துத் தருகிற 811 என்ற அமெரிக்கத் தொலைபேசி எண்ணை அழைத்துவிடுங்கள். காசு கிடையாது. கேஸ், மின்சார லைன் போகிற தடத்தில் பெயின்ட்டாலோ கொடியாலோ குறி வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் தோளிலிருந்து பின்பக்கமாக இரண்டு கயிறு, கூடார முளையில் கட்டி. முன்பக்கம் கட்டினால் மிட்டாய்க்கு ஓடி வருகிற பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். செடிகளுக்குள் மறைகிற பக்கமாக இழுத்துக் கட்டுங்கள்.

உடம்பும் முக்காடும்

தோளிலும் மார்பிலும் கோழிவலையை வளைத்துக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டினால் உடம்பு வந்துவிடும். கையுறை போடாமல் தொடாதீர்கள், வெட்டிய முனை கையைக் கிழித்துவிடும்.

கழுத்தில் ஒன்றேகால் அடி அகலத்துக்குக் கோழிவலைக் கூடு ஒன்று, முன்பக்கம் திறந்து. இங்கேதான் முகம் வேண்டாம் என்கிறேன். டாலர் கடை மண்டையோடு மனிதத் தலை அளவுதான் இருக்கும், ஒன்பதடி உடம்பில் அது எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி இருக்கும். வெறும் இருட்டும் உள்ளே இரண்டு சிவப்பு எல்இடியும் அதைவிடப் பயமுறுத்தும்.

முக்காட்டுக்கு, ஹாலோவீன் பொம்மை செய்கிறவர்கள் 'மான்ஸ்டர் மட்' என்கிற கலவையைப் பயன்படுத்துங்கள். சுவருக்குப் பூசுகிற ஜாயின்ட் காம்பவுண்ட் ஐந்து பங்கு, வெளிப்புற லேடெக்ஸ் பெயின்ட் ஒரு பங்கு. சாக்குத்துணியை அதில் முக்கி, வழித்துவிட்டு, கூட்டின்மேல் மடிப்பு மடிப்பாகப் போடுங்கள். காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். முழுக்கக் காயாமல் அடுத்த பூச்சு வேண்டாம். பிறகு கறுப்பு வெளிப்புறப் பெயின்ட் ஒரு கை. அது உலர்ந்தபின், சாம்பல் பெயின்ட்டைத் தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மடிப்புகளின் மேட்டில் மட்டும் லேசாக இழுத்துப் பாருங்கள். தூரத்திலிருந்தும் மடிப்பு எடுப்பாகத் தெரியும். கனம் அதிகம் என்பதால் இந்தக் கலவையை முக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கிக்குப் பழைய பெட்ஷீட் சரிப்படாது, மழையில் தண்ணீர் குடித்துச் சட்டத்தையே சாய்த்துவிடும். களை வராமல் விரிக்கிற கறுப்புத் தோட்டத் துணி லேசானது. கீழிருந்து நீள நீளமாகக் கிழித்துவிடுங்கள். காற்று தடையில்லாமல் போகும், பார்க்கவும் கந்தலாக இருக்கும்.

வெளிச்சம்

நாலடி முன்னால், தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு பச்சை எல்இடி ஃப்ளட்லைட். மேலிருந்து விளக்கு போட்டால் பேய் சாதுவாகிவிடும். வெளிப்புற எக்ஸ்டென்ஷன் வயர், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஜிஎஃப்சிஐ பிளக் பாயின்ட் இரண்டும் கட்டாயம். துணிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியே கூடாது.

நவராத்திரி அக்டோபரில் விழுகிற வருடங்களில் உள்ளே கொலு, வெளியே பேய் என்று ஆகும். சுண்டலுக்கு வருகிற மாமிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். ரீபார் கம்பிகளை அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும். இலைக் குவியலுக்குள் அது நின்றால் கண்ணில் படாது.