மொழி மாடலின் குணத்தை அளக்கப் போகிறீர்களா?

நான் சமூகவியல்காரி. மனிதர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்துப் பழகியவள், இப்போது ChatGPT போன்ற மொழி மாடல்களுக்கும் கொடுக்கிறேன். முதல் தடவை, குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரித்து அளக்கும் ஐம்பெரும் குணக் கேள்வித்தாளின் (Big Five Inventory) 44 வாக்கியங்களையும் ஒரே உரையாடலில் கொட்டினேன். மாடல் தன் முந்தைய பதில்களைப் பார்த்தே அடுத்ததைச் சொல்லிக்கொண்டு போனது. அன்றைய தரவு முழுக்கக் குப்பைக்கு!

இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புது உரையாடல். அதையும் 20 தடவை கேட்பேன். சராசரியைவிடப் பதில்களின் சிதறல்தான் அதிகம் சொல்லும். தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் விடைகளின் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். 'அதிகம் பேசுவேன்' என்பதற்கும் ஆமாம், 'அமைதியாக இருப்பேன்' என்பதற்கும் ஆமாம் என்றால் அது குணமில்லை, வெறும் தலையாட்டல். மாடலின் பதிப்பு, தேதி இரண்டையும் குறித்துவையுங்கள்.

மதிப்புகளை, அதாவது வாழ்க்கையில் எதை முக்கியமாக நினைக்கிறது என்பதை அளக்க, உளவியலாளர் ஷலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் முன்வைத்த 10 அடிப்படை மதிப்புகளிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒரு சிக்கல்: பிரபலமான கேள்வித்தாள்கள் இணையத்திலேயே கிடக்கின்றன, மாடல் பயிற்சியிலேயே அவற்றைப் படித்திருக்கலாம். நல்ல பிள்ளை வேஷம் போட அதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதனால் சூழல்களை நீங்களே எழுதுங்கள். நான் ஒரு மோசமான சிறுகதையைக் கொடுத்து, "இது என் முதல் கதை, எப்படி இருக்கிறது?" என்று கேட்பேன். கேள்வித்தாளில் நேர்மைக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொண்ட மாடல், இங்கே புகழ்ந்து தள்ளலாம். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் எழுதிவைக்க வேண்டும்.

சரி, பதில்களை வகைப்படுத்துவது யார்? நீங்கள் மட்டும் வேண்டாம். எந்த மாடல் என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யட்டும். பிறகு கோஹனின் கப்பா (தற்செயலான ஒற்றுமையைக் கழித்துவிட்டு இருவரின் ஒத்துப்போதலை அளக்கும் எண்) போட்டு அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள்.