தன்னம்பிக்கை: எழுதும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

‘என் மகள் மேல் எனக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது’ என்று ஓர் அப்பா சொன்னால், சொல்ல வந்தது புரிந்துவிடும். ஆனாலும் வாக்கியம் தப்பு. மகள் மேல் அவருக்கு இருப்பது வெறும் நம்பிக்கை. தன்னம்பிக்கை என்பது மகளுக்குத் தன் மேலேயே இருப்பது. ‘நம் அணி கோப்பையை வெல்லும் என்ற தன்னம்பிக்கை ரசிகர்களுக்கு இருக்கிறது’ என்பதும் இதே ரகம்தான். ஆடப்போகிற வீரர்களுக்கு அது இருக்கலாம், காலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படி வரும்?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘சுய தன்னம்பிக்கை’, ‘என் மேல் எனக்குள்ள தன்னம்பிக்கை’ என்று எழுதுவது. ‘தன்’ என்பதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. ‘நடு சென்டர்’ என்கிறோமே, அந்த மாதிரி.

அப்புறம், எழுத்து. ‘தன்நம்பிக்கை’ என்று சேர்த்து எழுதக் கூடாது. ன் என்ற எழுத்துக்குப் பின் வரும் ந, ன ஆகிவிடும் என்பது நன்னூல் விதி. தன்னலம், தன்னிறைவு எல்லாம் அப்படி வந்தவைதான். மூன்று சுழி போட்டு ‘தண்ணம்பிக்கை’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், தண்ணீர் ஞாபகமோ என்னவோ. இடைவெளி விட்டு ‘தன் நம்பிக்கை’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் பொருள் வேறு. ‘அவள் கடைசிவரை தன் நம்பிக்கையை விடவில்லை’ என்றால் அது கடவுள் நம்பிக்கையாக இருக்கலாம், கட்சிக் கொள்கையாக இருக்கலாம். ‘தன்னம்பிக்கையை விடவில்லை’ என்றால், தன்னால் முடியும் என்ற எண்ணத்தை விடவில்லை என்று அர்த்தம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. ‘நம்பிக்கையான ஆள்’ என்று நாம் யாரைச் சொல்கிறோம்? வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்கிற மாதிரி ஆளை. அதாவது, மற்றவர்கள் நம்பத் தகுந்தவர். ‘நம்பிக்கை உள்ள ஆள்’ என்றால் அவரே எதையோ நம்புகிறவர். ‘ஆன’ சேர்ந்தால் ஒரு பொருள், ‘உள்ள’ சேர்ந்தால் இன்னொரு பொருள். அதனால்தான் ‘தன்னம்பிக்கையான பெண்’ என்பது காதில் கொஞ்சம் இடறுகிறது. ‘தன்னம்பிக்கை உள்ள பெண்’, ‘தன்னம்பிக்கை மிக்க பெண்’ என்றால் சரியாக உட்காருகிறது. ‘தன்னம்பிக்கையாகப் பேசினாள்’ என்பதைப் பேச்சில் விட்டுவிடலாம். எழுத்தில் ‘தன்னம்பிக்கையோடு பேசினாள்’ என்பதே நல்லது.

பொருளில் வரும் குழப்பங்களில் பெரியது ‘அதீத தன்னம்பிக்கை’. எதிரணியைச் சாதாரணமாக நினைத்துத் தோற்றால் விளையாட்டுச் செய்திகளில் இதுதான் வரும். அதற்கு மெத்தனம் என்ற அருமையான சொல் கையிலேயே இருக்கிறது. யார் சொன்னாலும் கேட்காதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்போம், நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பவனுக்கு இருப்பது அசட்டுத் துணிச்சல். இவற்றையெல்லாம் தன்னம்பிக்கையின் கணக்கில் எழுதினால் நல்ல சொல்லுக்குத்தான் கெட்ட பெயர். இந்த இடத்துக்குப் பொருத்தமான குறளும் இருக்கிறது. தன்னம்பிக்கை என்றதும் எல்லோரும் ‘தெய்வத்தான் ஆகாதெனினும்’ என்று தொடங்குகிறார்கள். அது முயற்சியைப் பற்றியது. வலியறிதல் அதிகாரத்தில் வரும் ‘உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்’ என்ற 473ஆவது குறளைக் கவனியுங்கள். தன் பலம் எவ்வளவு என்று தெரியாமல் வெறும் வேகத்தில் இறங்கி, பாதியில் முறிந்து போனவர்களைச் சொல்கிறது. மெத்தனத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் நடுவே கோடு போட இதைவிடப் பொருத்தமான குறள் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் விஷயத்தில் தவறு தலைகீழாக நடக்கிறது. நிமிர்ந்து பதில் சொல்கிற பெண்ணுக்கு இருப்பது தன்னம்பிக்கை, ஆனால் ஊர் அதைத் திமிர் என்கிறது. பாரதியோ ‘திமிர்ந்த ஞானச் செருக்கு’ என்று அதையே புகழ்ச்சியாக எழுதிவிட்டுப் போனார்.

செய்தித் தலைப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவர் தேர்வில் தேறினாலும் சரி, கடை வைத்தாலும் சரி, உடனே ‘தன்னம்பிக்கை மனிதர்’ ஆகிவிடுவார். அவர் ராத்திரி பகலாகப் படித்திருக்கலாம், கணக்கில் புலியாக இருக்கலாம், அதெல்லாம் தலைப்பில் வராது. அவர் என்ன செய்தாரோ அதை எழுதினாலே போதும்.

கடைசியாக ஒற்று. ‘தன்னம்பிக்கைப் பேச்சாளர்’, ‘தன்னம்பிக்கைத் தொடர்’ என்று எழுதும்போது ஒற்று மிகும். ‘தன்னம்பிக்கை கொண்டவர்’, ‘தன்னம்பிக்கை தளர்ந்தது’ என்பவற்றில் மிகாது. முதலாவதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது, இரண்டாவதில் தன்னம்பிக்கை எழுவாய்.