ஓடைக் கெளுத்திகளின் உணவு ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன ஓடை. முழங்கால் ஆழம்தான். அதில் நாலு வகைக் கெளுத்திகள் ஒரே மடுவில், பக்கத்துப் பக்கத்துக் கல்லில் வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றை விரட்டாமல் எப்படிப் பிழைக்கிறது? விலங்கியல் மாணவர்கள் ஆய்வேட்டுக்கு விரும்பி எடுக்கும் கேள்வி இது. வலையும் கத்தரியும் நுண்ணோக்கியும் இருந்தால் விடை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் இறங்குகிறார்கள். வயிற்றில் இருந்ததை ஒழுங்காக எண்ணிவிடவும் செய்கிறார்கள். தவறு பெரும்பாலும் எண்ணிக்கையில் இல்லை. அதற்கு முன்னால் மீனைப் பிடித்த விதத்தில் இருக்கும், இல்லையென்றால் அதற்கு அப்புறம் ஓடையைத் திரும்பிப் பார்க்காமல் எழுதிய முடிவில் இருக்கும்.

நன்றாக ஆராயப்பட்ட ஓடை ஒன்றை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். நடு பனாமாவில், பனாமா கால்வாயின் பகுதியான காத்தூன் ஏரியில் போய்ச் சேரும் ரியோ ஃப்ரிஹோலெஸ் என்ற ஓடை அது. மழைக்காட்டுக்குள் ஓடுகிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு போர்த்திய, உறிஞ்சும் வாய் கொண்ட கவசக் கெளுத்திகள் அங்கே கல்லில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கின்றன. அன்சிஸ்ட்ரஸ், ஹைப்போஸ்டோமஸ், ரைனெலோரிக்காரியா, கீட்டோஸ்டோமா என்று நான்கு பேரினங்கள் சேர்ந்து வாழும் இடம். மேரி பவர் என்ற சூழலியலாளர் அங்கே செய்த வேலை 1980-களில் தொடர் கட்டுரைகளாக வந்தது. ஓடை மீன் ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

பகலில் பிடித்துவிட்டு, இரைப்பை காலி என்று எழுதுவது

கெளுத்திகளில் பெரும்பாலானவை இருட்டில் மேய்பவை. தென் அமெரிக்க ஓடைகளில் உள்ள ரேம்டியா என்ற கெளுத்தி பகல் முழுவதும் வேர்களுக்கும் கற்களுக்கும் அடியில் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் பூச்சியும் சின்ன மீனும் தேடி வெளியே வரும். அதைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்தால் முந்தைய இரவின் சாப்பாடு கரைந்து போயிருக்கும். மிச்சம் இருப்பது பூச்சிகளின் கடினமான தலை ஓடுகள் மட்டும். மண்புழு போன்ற மெல்லுடல் உயிர்கள் எளிதில் தெரியும் தடயம் விடாது. அட்டவணையில் பூச்சி 90 விழுக்காடு, புழு பூஜ்யம் என்று வந்துவிடும். மீன் புழுவைத் தின்னவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே இடத்தில் மாலை, நள்ளிரவு, விடியல் என்று பிரித்துப் பிடித்தால் மட்டுமே இது பிடிபடும்.

பிடித்த பிறகும் செரிமானம் நிற்பதில்லை. உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். மாதிரிகள் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் வெறுமனே போட்டால் அது உள்ளே போய்ச் சேர நேரமாகும், அதுவும் தகடு போர்த்திய மீனில். வயிற்றுக்குள் ஊசியால் கொஞ்சம் செலுத்திவிடுவது நல்லது.

கவசக் கெளுத்திகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊர் மீன் கடைகளில் ‘சக்கர்’ என்ற பெயரில் விற்கும் டெரிகோப்லிக்திஸை அறுத்துப் பாருங்கள். இரைப்பை மெல்லிய பை போல, ஒளி ஊடுருவும் அளவுக்கு இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அது மேலே வந்து காற்றை விழுங்கி, அந்த இரைப்பை வழியாகத்தான் சுவாசிக்கிறது. இரைப்பையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு ‘காலி’ என்று எழுதுவது இதனால்தான் தவறு. உணவெல்லாம் குடலில் இருக்கும். உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்ட குடல், கொசுவத்திச் சுருள் மாதிரி சுற்றிக் கிடக்கும். அதன் முன்பகுதியில் இருப்பதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தால் டயாட்டம் பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகளும், மணல் துகளும், என்னவென்று சொல்ல முடியாத பழுப்புக் குழம்பும் தெரியும்.

அந்தப் பழுப்புக் குழம்புதான் அடுத்த தவறு தொடங்கும் இடம்.

வயிற்றில் இருந்ததெல்லாம் உணவு என்று எடுத்துக்கொள்வது

அமேசான் பகுதியில் பனாக் என்ற கவசக் கெளுத்தி மூழ்கிய மரத்தைச் சுரண்டித் தின்னும். குடல் நிறைய மரத்தூள். கரையான் மாதிரி மரத்தைச் செரித்து வாழ்கிறது என்றே நெடுநாள் நம்பினார்கள். டோனவன் ஜெர்மன் என்ற உயிரியலாளர் அதன் குடலையும் நொதிகளையும் சோதித்து 2009-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. தின்ற மரம் 4 மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்க அந்த அவகாசம் போதாது. மரத்தோடு சேர்ந்து வரும் மக்கிய கரிமப் பொருளையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் வைத்துத்தான் மீன் பிழைக்கிறது. குடலில் அதிகம் இருந்த பொருள் உடம்புக்கு மிகக் குறைவாகத்தான் சேர்ந்தது.

உடம்பில் எது சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் தசையில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை, அளக்க வேண்டும். கனமான நைட்ரஜன்-15 ஒவ்வொரு உணவுப் படிக்கும் (பாசி, அதைத் தின்னும் உயிர், அதையும் தின்னும் உயிர் என்ற வரிசையில்) சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 அளவு கூடுகிறது. கார்பனை வைத்து, உணவு ஓடைப் பாசியிலிருந்து வந்ததா கரையிலிருந்து விழுந்த இலையிலிருந்து வந்ததா என்று பல இடங்களில் பிரித்துச் சொல்லலாம். குடல் நேற்றைய சாப்பாட்டைக் காட்டும், தசை கடந்த பல வாரங்களைக் காட்டும். இரண்டும் முரண்பட்டால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆய்வில் சுவையான இடமே அதுதான்.

0.6 வந்துவிட்டால் போட்டி என்று தீர்ப்பு எழுதுவது

இரண்டு இனங்களின் உணவுப் பங்குகளை அருகருகே வைத்து, பொதுவான அளவுகளைக் கூட்டினால் 0 முதல் 1 வரை ஒரு எண் வரும். அது 0.6-ஐத் தாண்டினால் உணவு ஒப்புமை அதிகம், ஆகவே போட்டி கடுமை என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஒரு வரியால் கெட்டுப்போன ஆய்வேடுகள் நிறைய.

முதலில், அந்த எண் நீங்கள் உணவை எப்படி வகை பிரித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு மீன்களின் குடலிலும் 70 விழுக்காட்டை ‘மக்கு’ என்று ஒரே பெட்டியில் போட்டால், மீதி எப்படி இருந்தாலும் ஒப்புமை 0.7-க்குக் கீழே போகாது. அதே மக்கைப் பாசி இழை, டயாட்டம், இலைத் துணுக்கு, மணல் என்று பிரித்தால் எண் சரிந்துவிடும். மீன் மாறவில்லை, உங்கள் அட்டவணைதான் மாறியது.

இரண்டாவது, இன்னும் முக்கியம்: ஒரே உணவைத் தின்பது போட்டிக்குச் சான்று ஆகாது. உணவு தாராளமாக இருக்கும்போது எல்லோரும் அதையே தின்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. 0.6 என்ற எல்லைக்கு வழக்கமாக மேற்கோள் காட்டப்படுவது தாமஸ் ஜாரெட், ஸ்டான்லி ராண்ட் இருவரும் 1971-இல் எழுதிய கட்டுரை. அதுவும் பனாமா ஓடை மீன்களைப் பற்றியதுதான். அவர்கள் கண்டது என்ன? மழைக்காலத்தில் உணவு மிகுந்திருக்கும்போது இனங்களின் உணவு ஒன்றோடொன்று கலந்திருந்தது. வறண்ட மாதங்களில் உணவு அருகியபோது ஒவ்வொன்றும் தன் வழியில் பிரிந்தது, ஒப்புமை குறைந்தது. அதாவது நெருக்கடியின் அடையாளம் சிறிய எண்ணாகவும் இருக்கலாம். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு கண்டுபிடிப்பை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு பருவத்தில் மட்டும் மீன் பிடித்துவிட்டு ‘சேர்ந்து வாழ்கின்றன’ என்றோ ‘போட்டியிடுகின்றன’ என்றோ எழுத முடியாது என்பதுதான் அதில் உள்ள பாடம்.

ஓடையை அளக்காமல் விடுவது

மறுபடி ஃப்ரிஹோலெஸுக்கு வருவோம். அங்கே சில மடுக்களின் மேல் காட்டு விதானம் திறந்திருக்கும், வெயில் விழும். சில மடுக்கள் நாள் முழுக்க இருட்டாகவே இருக்கும். வெயில் மடுவில் பாசி 6, 7 மடங்கு வேகமாக வளர்கிறது. கல்லைத் தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் பாசி மிக மெல்லியதாகத்தான் இருக்கும். ஏனென்றால் வெயில் மடுவில் கெளுத்திகளும் ஏறக்குறைய அதே மடங்கு அதிகம். வளர வளரச் சுரண்டித் தின்றுவிடுகின்றன. குறியிட்ட மீன்களை மறுபடி பிடித்து அளந்தபோது, நெரிசலான வெயில் மடுவில் இருந்ததும் மீன் குறைவான இருட்டு மடுவில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தன. உணவு எங்கே உற்பத்தியாகிறதோ அங்கே, அந்த அளவுக்கே மீன்கள் பிரிந்து போய்ச் சேர்ந்திருக்கின்றன. கல்லில் இருக்கும் பாசியை மட்டும் அளந்தவர் ‘எல்லா மடுவிலும் உணவு சமம்’ என்று எழுதியிருப்பார். இருப்பை அளந்துவிட்டு வரவை அளக்காமல் விடுவது ஓடை ஆய்வுகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது.

அதே ஓடையின் ஓரத்தில், 20 செ.மீ.க்கும் குறைந்த ஆழத்தில், பாசி பச்சைப் பட்டையாகத் தழைத்து நிற்கும். பெரிய கெளுத்திகள் அங்கே போவதே இல்லை. வறண்ட மாதங்களில் ஆழமான பகுதியில் பாசி சுரண்டப்பட்டுத் தீர்ந்த நிலையிலும் போவதில்லை. காரணம் கரையில் நிற்கும் கொக்கும் மீன்கொத்தியும். பறவை ஒன்றும் மீனின் வயிற்றில் இருக்காது. ஆனால் அந்த மீன் எங்கே மேய்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது, யாரோடு நெருக்கியடித்து வாழ்கிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆழம், நிழல், பறவை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதாத ஆய்வு, சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மேய்பவை உணவைக் குறைக்க மட்டுமே செய்யும் என்று நினைப்பதும் தவறு. பவர் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் கெளுத்திகள் மேயாத இடத்தில் பாசியின் மேல் வண்டல் படிந்து மூடிவிட்டதைக் காட்டினார். அன்சிஸ்ட்ரஸ் மேயும்போது அந்த வண்டல் விலகுகிறது, பாசிக்கு வெளிச்சம் கிடைக்கிறது. தனக்கும் பக்கத்தில் மேயும் மற்ற மீனுக்கும் சேர்த்தே அது இடத்தைச் சுத்தம் செய்கிறது.

குஞ்சையும் பெரியதையும் ஒரே இனக் கணக்கில் போடுவது

ரேம்டியா குஞ்சாக இருக்கும்போது பூச்சிப் புழுக்களைத் தின்னும், பெரிதானதும் மீனையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருமே தின்னாத ஒரு சாப்பாடு அட்டவணையில் வரும். நீள வாரியாகப் பிரித்துவிடுங்கள். அன்சிஸ்ட்ரஸில் முதிர்ந்த ஆணின் மூக்கில் சதை இழைகள் புதர் போல வளர்ந்திருக்கும், பெண்ணுக்கு அப்படி இருக்காது. இது தெரியாதவர் ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிட்டு, இரண்டும் ஒரே உணவைத் தின்கின்றன என்று வியக்க வாய்ப்பு உண்டு.

நம் ஓடைகளில் செய்பவர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கிளிப்டோதோராக்ஸ் என்ற கெளுத்தி மார்பில் உள்ள மடிப்புகளால் கல்லைப் பற்றிக்கொண்டு வேகமான நீரில் நிற்கும். கீழே, அமைதியான மடுவில் மிஸ்டஸ் வகைக் கெளுத்திகள். மேலே சொன்ன அத்தனையும் இங்கும் பொருந்தும், ஒரு கூடுதல் பொறுப்போடு. இந்த மலை மீன்களில் பல ஒன்றிரண்டு ஆறுகளுக்கு வெளியே எங்கும் கிடையாது. முப்பது மீன் கிடைத்தால் புள்ளியியலுக்கு நல்லது என்பதற்காக ஒரு மடுவையே துடைத்து எடுக்கக் கூடாது. காப்புக்காட்டு ஓடை என்றால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே வலையை எடுங்கள். துடுப்பின் சின்னத் துணுக்கு ஒன்றை வெட்டி எடுத்து ஐசோடோப்பு பார்க்க முடியுமா, இரைப்பையை நீரால் அலசி மீனை உயிரோடு திருப்பி விட முடியுமா என்று முதலில் யோசியுங்கள். இரைப்பை அலசல் பூச்சியும் மீனும் தின்னும் இனங்களுக்குச் சரிப்படும். நீண்ட குடல் கொண்ட பாசி தின்னிகளுக்குச் சரிப்படாது.

ஒப்பிட்டுப் பார்க்க வளர்த்த சக்கர் மீன்கள் மிஞ்சினால் அவற்றை ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்ற பெயரில் வாங்கி, வளர்ந்து பெரிதானதும் கொண்டுபோய் விட்டதால்தான் அது இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், காற்றைச் சுவாசித்துக் கெட்ட நீரிலும் தாக்குப்பிடிக்கும். பனாமா ஓடையில் அதன் உறவினங்களுக்கு இருக்கும் கொக்குப் பயமும் வறண்ட மாதத்துப் பட்டினியும் இங்கே அதை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. அதற்குத் தேவையான மீன்களை ஏரியில் வலை போடும் மீனவரிடமே கேட்டு வாங்கலாம். அவருக்கு அது வேண்டாத மீன்தான்.